பௌர்ணமி தவிர்த்த ஞாயிறுகள்

வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு முதுகலைப் படிப்பு தொடங்கலாம் என்று எங்கள் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டுச் சொன்ன அன்று, மலை உச்சியை மேகம் மூடியிருந்தது. அவருடைய அறை ஜன்னலுக்கு நேர் எதிரே மலை. அவர் பேசப் பேச நான் அந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அடித்தும் அது நகரவில்லை.

"வேலைய விட்டுட்டு வந்து யாரும் படிக்க முடியாது. நாமதான் அவங்க பக்கம் போகணும். ஞாயித்துக்கிழமை மட்டும் வகுப்பு. ரெண்டு வருஷப் படிப்பு. நீங்களே பாடத்திட்டம் எழுதிடுங்க," என்றார்.

"நானா மேடம்?"

"வேற யாரு? புத்தகத்த மூடி வச்சிட்டுப் பேசறது உங்க துறையில நீங்க ஒருத்தர்தான்னு பசங்க சொல்றாங்க."

அது பாராட்டா குறையா என்று தெரியாமலே தலையாட்டிவிட்டு வந்தேன்.

வேங்கிக்கால் தாண்டி இருக்கும் அந்தக் கல்லூரியில் நான் மேலாண்மை சொல்லித்தரத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. எனக்கு வயது ஏறிக்கொண்டே போனது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் எப்போதும் அதே வயது. ஒவ்வொரு ஜூன் மாதமும் புது முகங்கள், அதே சிரிப்பு, அதே கேள்விகள். சில நாட்களில் பாதிப் பாடத்தில் நின்று, இதைப் போன வருடம் சொன்னோமா, இப்போதுதான் சொல்கிறோமா என்று குழம்பிப்போவேன். நிர்வாகம் என்றால் என்ன என்று, ஒரு நாளும் யாரையும் நிர்வகித்திராத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் யாரையும் நிர்வகித்ததில்லை.

முதலில் எனக்குத் தெரிந்த வழியில்தான் எழுதினேன். ஏற்கெனவே இருந்த பாடத்திட்டத்தை எடுத்து, அங்கங்கே வெட்டி, ஞாயிற்றுக்கிழமைகளுக்குள் மடித்து வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் என் கணவருக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். டிப்ளமோவோடு வேலையில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பி.இ. முடித்தவர். அதற்குமேல் படிக்கவேண்டும் என்று கல்யாணமான புதிதில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார். எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. ஞாயித்துக்கிழமை நான் இதப் படிக்கிறேன்னு வை. திங்கக்கிழமை காலைல ஆபீஸ் போறேன். லைன்மேன் ஒருத்தர் லீவு. ஒரு ஊர்ல கரண்ட் இல்ல, ஜனங்க ரோட்ல உக்காந்துட்டாங்க. இதுல எது எனக்குக் கைகொடுக்கும்?"

நான் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. கோபம் வந்தது. அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மாடியில் துணி எடுக்கப் போய்விட்டார். நான் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து ஊர் சுற்ற ஆரம்பித்தேன். அந்தக் கோடை இப்போது நினைத்தாலும் ஒரு நீண்ட பகல்கனவு மாதிரிதான் இருக்கிறது. கல்லூரி விடுமுறை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் விடுதி நடத்துகிறவர்கள், கலெக்டர் ஆபீஸ் ஊழியர்கள், பஸ் டெப்போ, கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். எங்கே போனாலும் மலை பின்னாலேயே வந்தது. அல்லது நான்தான் அதைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "உங்க வேலைல உங்களுக்கு எது தெரியலன்னு தோணுது?"

இந்தக் கேள்விக்கு யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்தார்கள். ஒருவர் சுவரைப் பார்த்தார், ஒருவர் தன் கையைப் பார்த்தார். அந்த மௌனங்கள் எனக்குப் பிடித்துப்போயின. அப்போது அவர்கள் முகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வந்து போன மாதிரி இருக்கும்.

சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ். என் வயதிருக்கும். மூக்குத்தியும், நெற்றியில் சின்னப் பொட்டும், சத்தமே இல்லாத நடையுமாக இருந்தார். ஊசி போடும் அறை வாசலில் நின்றபடி ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"டாக்டர்கிட்ட ஒரு விஷயத்த எப்படிச் சொன்னா காதுல வாங்குவாங்கன்னு தெரியல மேடம். எனக்கு ஒரு பேஷண்ட்டப் பாத்ததும் மனசுல படுது, இவங்களுக்கு ஜாஸ்தி ஆகப்போவுதுன்னு. ஆனா சொல்ல வாய் வராது. வந்தாலும் கம்மியா வரும்."

டெப்போவில் பஸ்களின் நேரத்தைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர். கனத்த உடம்பு, மெல்லிய குரல். அவர் வேறு மாதிரி சொன்னார்.

"ஜனங்க கூட்டமா நிக்கும்போது எப்படி யோசிக்கிறாங்கன்னு தெரியணும். தனித்தனியாக் கேட்டா எல்லாரும் நல்லவங்க. பஸ் வந்து நின்னா யாருக்கும் யாரையும் தெரியாது. அது இன்னான்னு சொல்லிக்குடுக்க ஒரு படிப்பு இருக்கா?"

இருக்கிறதா என்று எனக்கும் தெரியவில்லை. இருக்கவேண்டும் என்று தோன்றியது.

அப்படித்தான் பாடத்திட்டம் உருவானது. கேட்பதும் சொல்வதும் பற்றி ஒரு தாள். கூட்டத்தையும் காத்திருப்பையும் பற்றி ஒன்று. ஏதாவது தவறிப்போனால், யார் மேல் பழி போடலாம் என்று தேடாமல், என்ன நடந்தது என்று மட்டும் பார்ப்பது எப்படி என்று ஒன்று. கடைசியில் ஆய்வேடு கிடையாது. அதற்குப் பதில் தங்கள் வேலையில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்த்து, என்ன ஆனது என்று சொல்லவேண்டும். முதல்வர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா இருக்கு. ஆனா தலைப்பெல்லாம் வீட்ல பேசற மாதிரி இருக்கே. பட்டம்னா கொஞ்சம் கனமா இருக்கணும்."

கனமான பெயர்களை அவரே வைத்தார். உள்ளே இருப்பதை மாற்றவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட வந்த குழு பாடங்களைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. வகுப்பு அட்டவணையில்தான் நின்றது. குழுத் தலைவர் அதைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்னம்மா, ஒரு மாசம் எல்லா ஞாயிறும் வகுப்பு இருக்கு, ஒரு மாசம் நடுவுல ஒண்ணு காணோம். ஒரு ஒழுங்கே இல்லையே?"

"பௌர்ணமி சார்."

"பௌர்ணமிக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"எங்க ஊர்ல பௌர்ணமிக்கு மலை சுத்த கூட்டம் வந்துட்டா வேலைல இருக்கற யாருக்கும் ஓய்வு கிடையாது சார். நர்ஸ், பஸ், தண்ணி, கரண்ட், துப்புரவு, எல்லாரும் மலையச் சுத்தித்தான் நிப்பாங்க. அதையொட்டி வர்ற ஞாயித்துக்கிழமை வகுப்பு வச்சா நான் மட்டும்தான் வருவேன்."

அவர் அட்டவணையில் விடுபட்டிருந்த ஞாயிறுகளை விரலால் தொட்டு எண்ணினார். அப்புறம் சிரித்துவிட்டார். "சரி, நிலாவும் உங்க பாடத்திட்டக் குழுவுல இருக்குன்னு எழுதிக்கிறேன்," என்று கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பங்கள் மெதுவாக வந்தன. கடைசி நாளுக்கு முந்தைய காலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, என் கணவர் அடுப்பு மேடையில் ஒரு உறையைக் கொண்டுவந்து வைத்தார்.

"இத உங்க ஆபீஸ்ல குடுத்துடறியா?"

"யாருது?"

"என்னுதுதான்."

தோசை தீய்ந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் தோசையைப் பார்த்தார்.

"நான்தாங்க வகுப்பு எடுக்கப் போறேன்."

"தெரியும். பின்னாடி உக்காந்துக்கறேன். ஒண்ணும் பேச மாட்டேன்."

முதல்வரிடம் சொன்னபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் கணவருடைய தாள்களை வேறு துறை ஆசிரியர் திருத்துவது என்று முடிவாயிற்று. "சண்டைய வீட்டோட வச்சுக்கங்க," என்றார்.

முதல் ஞாயிறு, இருவரும் ஒரே ஸ்கூட்டியில்தான் கிளம்பினோம். கல்லூரி வாசலுக்குச் சற்று முன்னால் "நிறுத்து" என்று இறங்கிக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தோளில் பையோடு, தெரியாதவர் போல எனக்குப் பின்னால் நடந்து வந்தார். திரும்பிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை.

மேல்மாடி அறை. நீள ஜன்னல்கள். அந்த நர்ஸ் வந்திருந்தார், டெப்போ அதிகாரி வந்திருந்தார், விடுதி நடத்தும் பெண், ஊராட்சிச் செயலர், இன்னும் சிலர். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், ஆளுக்கொரு தாள் கொடுத்து, உங்கள் வேலை நடக்கும் இடத்திலிருந்து மலை எப்படித் தெரியும் என்று வரையச் சொன்னேன். பெரியவர்கள் வெட்கத்தோடு பென்சிலைப் பிடித்தார்கள். வரைந்ததையெல்லாம் பலகையில் வரிசையாக ஒட்டினேன். ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. ஒன்று கூம்பு, ஒன்று படுத்திருக்கும் மாடு, ஒன்று வெறும் மேடு. எல்லோரும் எழுந்து வந்து ஒருவர் மலையை ஒருவர் பார்த்தார்கள். "உங்க இடத்துலேந்து இப்படியா தெரியுது?" என்று நர்ஸ் டெப்போ அதிகாரியிடம் கேட்டதுதான் அந்த வகுப்பில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். நீங்க வரையலையா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கணவர் என்னை 'நீங்க' என்று சொன்னது அன்றுதான். எனக்குக் காது சுட்டது. பலகைப் பக்கம் திரும்பி, எங்கள் மாடியில் துணி காயப்போடும் இடத்திலிருந்து தெரியும் மலையை வரைந்தேன். அது எந்த இடம் என்று அந்த அறையில் இன்னொருவருக்கு மட்டும் தெரியும்.

ஞாயிறு மதியங்கள் எல்லாம் தூக்கம் கலந்தவை. வாரம் முழுக்க உழைத்த உடம்புகள். சாப்பாட்டுக்குப் பிறகு காற்றாடி சுழல, சிலர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். நான் எழுப்ப மாட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பேன். திடீரென்று ஒருவர் விழித்துக்கொண்டு, இப்போதுதான் கனவில் பார்த்தது போல, தன் அலுவலகத்தில் நடந்த எதையாவது சொல்லத் தொடங்குவார். பாடம் அங்கேதான் இருக்கும். இளம் பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்ல நான் புத்தகத்தில் தேடியிருக்கிறேன். இங்கே உதாரணங்கள் தாங்களாகவே டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்திருந்தன. வெயில் ஜன்னல் ஜன்னலாக நகர்ந்து சுவரில் ஏறும்போது வகுப்பு முடியும். கீழே இறங்கிப் போகும்போது எங்கே போய் வந்தோம் என்று எல்லோருக்கும் கொஞ்சம் மயக்கமாக இருக்கும்.

வீட்டிலும் ஏதோ மாறியது. என் கணவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அன்னிக்கு நீ சொன்னியே, பதில் சொல்றதுக்கு முன்னாடி அவங்க சொன்னத திருப்பிச் சொல்லணும்னு. இன்னிக்கு ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாத்தேன். மனுஷன் அழுதுட்டாரு," என்பார். யார், எந்த ஊர், எதற்குப் புகார் என்று நான் கேட்பேன். அதற்கு முன் அவர் வேலையைப் பற்றி நான் கேட்டதெல்லாம் எப்போது வருவீர்கள் என்பது மட்டும்தான்.

மழைக்காலம் தொடங்கும்போது நர்ஸ் வகுப்புக்கு வருவதை நிறுத்தினார். போன் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானே அவர் வீட்டுக்குப் போனேன். கீழ்பென்னாத்தூர் தாண்டி, வேர்க்கடலைச் செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்த கொல்லைகளுக்கு நடுவே போகும் ரோடு. ஈர மண் வாசனை. அவர் வாசலில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தார்.

"வாங்க மேடம்" என்றார். மறுபடி உட்கார்ந்து கடலையை எடுத்தார். நானும் உட்கார்ந்து கடலை ஆய ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தானே பேசினார்.

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே சொன்னேன். நிலைமை இது, எனக்குத் தோணறது இது, நீங்க என்ன செய்யணும்னு நினைக்கிறேன்னு வரிசையா. புது டாக்டர். எல்லார் எதிர்லயும், 'படிக்கப் போனதும் எனக்கே பாடம் எடுக்க வந்துட்டீங்களா'ன்னு கேட்டுட்டாரு. ஆயாம்மா கூட சிரிச்சுட்டாங்க. இந்த வயசுல எனக்கு இது தேவையா மேடம்?"

நான் எழுதிய தாளில், வரிசையாகச் சொல்லவேண்டும் என்று இருந்தது. கேட்கிறவர் முகம் சிவந்தால் என்ன செய்வது என்று இல்லை. கிளம்பும்போது அவர் ஒரு கை கடலையைத் தாளில் மடித்துக் கொடுத்தார். இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன்.

என் கணவரிடம் சொன்னபோது, "இத என்கிட்ட சொல்லி என்ன ஆவும்? வகுப்புல வை," என்றார். நர்ஸிடம் அனுமதி கேட்டேன். சொல்லிக்கோங்க, நான் வரமாட்டேன் என்றார். வகுப்பில் வைத்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் அது நடந்திருந்தது. அந்த வாரத்தில் டெப்போ அதிகாரி நர்ஸிடம் என்ன சொல்லிப் பேசினாரோ தெரியாது, அடுத்த ஞாயிறு அவர் வந்துவிட்டார். கதவோரம் உட்கார்ந்தார்.

"நான் டாக்டரா இருக்கேன். நீங்க சொல்லுங்க," என்று என் கணவர் எழுந்து போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கழுத்தில் சார்ஜர் ஒயரை மாட்டிக்கொண்டார். நிமிர்ந்தே பார்க்காமல், போனைத் தடவிக்கொண்டு, "ம், என்ன?" என்றார். அந்த 'ம்' அசல் டாக்டருடையது. அறை வெடித்துச் சிரித்தது. நர்ஸும் சிரித்தார். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். எல்லோர் எதிரிலும் சொல்லிப் பார்த்தார், தனியாகச் சொல்லிப் பார்த்தார், கேள்வியாகக் கேட்டுப் பார்த்தார். கேள்வியாகக் கேட்டபோது டாக்டர் போனைக் கீழே வைத்தார்.

"ஏன் வச்சீங்க?" என்று நான் கேட்டேன்.

"தெரியல மேடம். பதில் சொல்லணும்னு தோணிச்சு."

வீட்டில் இப்படி நடிக்கத் தெரிந்த ஒருவர் என்னோடு இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நர்ஸ் அதைச் சுகாதார நிலையத்தில், காலை டீ நேரத்தில், தனியாக, கேள்வியாகவே செய்து பார்த்தார். டாக்டர் முதல் நாள் முறைத்தார். அப்புறம் பதில் சொன்னார். சில வாரங்கள் கழித்து அவரே, "சிஸ்டர், அந்தம்மா பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது நர்ஸ் குரல் உயரவே இல்லை. ஆனால் அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் வருடம், தனித்தனியாகச் செய்வதோடு எல்லோரும் சேர்ந்து ஒன்று செய்யலாம் என்றார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களில் வயதானவர்கள் கூட்டத்தில் தொலைந்துபோவார்கள். ஒலிபெருக்கியில் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழ் அறிவிப்பு புரியாது. அதனால் வழியில் சில இடங்களில் பெரிய படம் வைத்து, வெளிச்சம் போட்டு, தொலைந்தவர்கள் அங்கே வந்து காத்திருக்கட்டும் என்று திட்டம். முறையாக அனுமதி கேட்டு, பாதையின் ஒரு பகுதிக்கு மட்டும் கிடைத்தது. ஒரு மீன், ஒரு மான், ஒரு யானை.

"யானைன்னா குழந்தைக்கும் தெரியும்," என்றார் டெப்போ அதிகாரி. எங்கள் யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

அந்தப் பௌர்ணமி சாயங்காலம் நானும் நர்ஸும் யானையின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். என் கணவர் விளக்குக்கு ஒயர் இழுத்துவிட்டுப் போயிருந்தார். வெயில் தணிந்தது. கால்கள் வர ஆரம்பித்தன. முதலில் எண்ணும்படி இருந்தன. பிறகு ஓடை மாதிரி. அப்புறம் உட்கார்ந்திருக்கும் நாம்தான் நகர்வது போல ஒரு கிறக்கம். வெறும் கால்கள் மண்ணில் உரசும் ஓசை. அந்த ஓசைக்குள் நான் எங்கேயோ போய்விட்டேன்.

நர்ஸ் என் முழங்கையைத் தொட்டார். "மேடம், அங்க பாருங்க."

ஒரு அம்மாள் எங்கள் யானைக்கு எதிரே கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் செருப்பில்லாத காலோடு தோப்புக்கரணம் போட்டார். யாரோ அருகம்புல் வைத்திருந்தார்கள். நான் எழுந்துபோய், "இது கோயில் இல்லைங்க, காணாமப்போனவங்க காத்திருக்கற இடம்," என்றேன். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அதுக்குத்தாம்மா அவரு இருக்காரு," என்றார். வரிசை நீண்டது. நிலா எழும்போது படத்தின் தும்பிக்கையில் மூன்று மாலைகள். டெப்போ அதிகாரி வியர்க்க வியர்க்க வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நானே மொதல்ல கும்புடப் போயிட்டேன். அப்புறந்தான் நம்ம படம்னு ஞாபகம் வந்துச்சு," என்றார்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு முதியவரைச் சிலர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். தெலுங்கு மட்டும்தான் பேசினார். மனைவியைத் தவறவிட்டிருந்தார். உதடு உலர்ந்து நடுங்கியது. நர்ஸ் அவரை உட்காரவைத்து, நாடி பார்த்து, சர்க்கரை கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். முதியவர் நர்ஸின் கையை விடவே இல்லை. யாரோ வழியில் நின்றிருந்த ஒரு மூதாட்டியிடம், ஏனுகு, ஏனுகு என்று யானையைத் தெலுங்கில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் வந்தார். முதியவரைப் பார்த்ததும் முதலில் திட்டினார். வெகுநேரம் திட்டினார். அப்புறம் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவருடைய பாதங்களைத் தடவிவிட்டார். எழுந்து போகும்போது இருவரும் யானையைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினார்கள். படத்தின் எதிரே கூட்டம் சேர்ந்து வழி அடைபட்டது, அது தவறு. கூட்டம் சேர்ந்ததால்தான் அந்த இடம் எல்லோருக்கும் தெரிந்தது, அது நாங்கள் நினைக்காதது. அடுத்த மாதம் யானையை எடுத்துவிட்டு டீ கிளாஸ் படம் வைத்தார்கள். டீ எங்கே என்று கேட்டு நின்றார்கள் ஜனங்கள். அதற்கடுத்த மாதம் சைக்கிள். சைக்கிளை யாரும் கும்பிடவில்லை, எதுவும் கேட்கவில்லை. தொலைந்தவர்கள் சிலர் வந்து உட்கார்ந்தார்கள்.

பட்டமளிப்பு விழா ஒரு மதியம் நடந்தது. வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. அங்கிகள் பெரியவர்களுக்குப் பொருந்தவில்லை. டெப்போ அதிகாரிக்குப் பொத்தான் எட்டவில்லை. நர்ஸ் பட்டுப்புடவையில் வந்திருந்தார். என் கணவர் பட்டத்தை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கும்போது என்னைத் தேடினார். நான் ஆசிரியர்கள் வரிசையில் இருந்தேன். கை தட்டுவதா எழுந்து நிற்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

அதற்குள் காற்று. ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. மழை ஒரேயடியாக இறங்கியது. மின்சாரம் போய், அரங்கம் பச்சை கலந்த சாம்பல் நிறமாயிற்று. ஒலிபெருக்கி நின்றது. என் கணவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"மரம் விழுந்து லைன் அறுந்துருச்சாம். பசங்க நாலு பேருதான் இருக்காங்க. நான் போறேன்."

"இன்னிக்குமா?"

"புதுப் பையன் ஒருத்தன் இருக்கான், பயந்துடுவான். பக்கத்துல நின்னா போதும்."

அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பட்டத்தை அதன்மேல் வைத்துவிட்டு, கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டார்.

நர்ஸ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். விழா அப்படியே நின்றிருந்தது. மேடையில் முதல்வர் ஒரு விசிறி மட்டையால் சிறப்பு விருந்தினருக்கு வீசிக்கொண்டிருந்தார். யாரும் கிளம்பவில்லை. மழைச் சத்தத்தில் பேச முடியாததால் எல்லோரும் சும்மா இருந்தார்கள். அங்கி என் மடியில் கதகதப்பாக இருந்தது. அவருடைய சோப்பு வாசனை. எனக்குக் கண் செருகியது.

"சார் எப்பவும் இப்படித்தானா?" என்று நர்ஸ் காதருகே கேட்டார்.

"எப்பவும் இப்படித்தான் இருந்திருப்பார். நான் இப்பத்தான் பார்க்கறேன்."

மழை குறைந்து தூறலானபோது, தலைக்குமேல் காற்றாடிகள் ஒவ்வொன்றாக முனகிச் சுற்ற ஆரம்பித்தன. விளக்குகள் வந்தன. அரங்கத்தில் எல்லோரும், ஏன் என்று யோசிக்காமல், கை தட்டினார்கள். நான் அங்கியை மடியில் வைத்துக்கொண்டு, இந்த முறை உட்கார்ந்தபடியே, எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தேன்.